மெழுகுதல் என்னும் வினைச்சொல்

'சஸ்டெயினபிள்' என்னும் ஆங்கில அடைமொழியைத் தமிழில் மூன்று விதமாக எழுதுகிறோம். நாளிதழ்கள் 'நீடித்த' என்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் 'நிலைபேறான' என்கின்றன. கல்விப்புலக் கட்டுரைகள் சிலவற்றில் 'பேண்தகு' என்ற சொல்லைக் காணலாம். மூன்றும் ஒருபொருட் சொற்கள் என்றே கலைச்சொற் பட்டியல்கள் கொள்கின்றன. இலக்கணம் அவ்வாறு கொள்வதில்லை. நீடித்தலும் நிலைபெறுதலும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். பொருள் தானே நீடிக்கிறது, தானே நிலைபெறுகிறது. பேணுதலோ செயப்படுபொருள் குன்றா வினை. பேணப்படும் பொருள் ஒன்று இருந்தால், அதைப் பேணுகிறவர் ஒருவரும் இருந்தாக வேண்டும்.

பாலைநிலத்தின் மரபுக் கைவினையிலிருந்து புதிய வீடுகளை வடிவமைப்பது குறித்து அண்மைக்காலமாகக் கருத்தரங்குகளில் நிறையப் பேசப்படுகிறது. அப்பேச்சை நான் ஆர்வத்துடன் கேட்டு வருகிறேன். ஆயினும் அதில் அந்த 'ஒருவர்' காணாமற் போயிருக்கிறார் என்பதே என் எண்ணம். அதை விளக்கவே இந்த நீண்ட பதிவு.

முதுகலையில் மொழியியல் பயின்ற நான், இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காகக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் வழங்கும் மண்வேலைச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். பெரிய ரண் என்னும் உப்புப் பாலையின் தென்விளிம்பில் 'பன்னி' என்றொரு புல்வெளி உண்டு. கால்நடை வளர்ப்போரும் தையல்வேலை செய்வோரும் வாழும் சிற்றூர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. அவ்வூர்களின் வட்டவடிவ மண்வீட்டுக்குக் குஜராத்தியில் ஒருமையில் 'பூங்கோ' என்று பெயர், பன்மையில் 'பூங்கா'. பன்மை வடிவத்தைத் தமிழெழுத்தில் எழுதினால் சிறுவர் விளையாடும் இடமாகிவிடும். ஆகவே இங்கு ஒருமையையே கையாள்கிறேன்.

பூங்கோவின் அறிவு அதன் எளிமையில் இருக்கிறது. உள்விட்டம் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர் வரை. ஒரு வாயில், இரண்டு சிறு சன்னல்கள், தடித்த மண்சுவர், அதன்மேல் கூம்பாக எழும் புற்கூரை. ஒரே பரப்பளவை அடைக்கும் வடிவங்களுள் வட்டத்துக்கே சுற்றளவு குறைவு என்பது பள்ளிக் கணிதம். சுற்றளவு குறைந்தால் வெயில் படும் சுவரும் குறையும். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. தான் மெல்ல வாங்கிக்கொண்டு, வெளிக்காற்று குளிர்ந்த பிறகே அதை மெல்லக் கைவிடும். புற்கூரை வெப்பத்தைத் தடுக்கிறது. உள்ளே சூடேறிய காற்று கூம்பின் உச்சிக்குச் சென்று ஆளுயரத்துக்கு மேலே தங்கிவிடுகிறது. தாழ்ந்திறங்கும் கூரைவிளிம்பு உச்சிவெயிலையும் எப்போதேனும் வரும் பெருமழையையும் சுவரில் நேராக விழவிடாமல் காக்கிறது.

வட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கட்ச் நிலநடுக்கங்களின் நாடு. 1819 ஜூன் 16இல் நிகழ்ந்த நடுக்கம் 'அல்லா பந்த்' என்னும் நீண்ட மேட்டையே நிலத்திலிருந்து எழுப்பியது. அதற்குப் பின்னரே வட்டவீடு பரவியது என்று அங்கே சொல்வதுண்டு. மூலையற்ற தாழ்ந்த சுவர், பக்கவாட்டு உலுக்கலைத் தன் சுற்று முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. 2001 ஜனவரி 26 நடுக்கத்தில் புஜ், பசாவு நகரங்களின் பல கட்டடங்கள் நொறுங்கியபோது, நன்கு கட்டி நன்கு பேணப்பட்ட பூங்கோக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. பொறியாளர்களும் கட்டடக்கலைஞர்களும் இவ்வடிவத்தை மறுபடி கூர்ந்து நோக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

'நன்கு கட்டி, நன்கு பேணப்பட்ட' என்று எழுதினேன். அத்தொடரின் முதற்பாதியைப் பற்றி ஆய்வுகள் பல உள்ளன. இரண்டாம் பாதி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

மண்சுவர் கட்டி முடித்தபின் சும்மா நிற்பதில்லை. வெயிலில் வெடிக்கும், காற்றில் உதிரும், மழையில் கரையும். ஆண்டுதோறும் அதன்மேல் புதிய மண் ஏற வேண்டும். அந்தப் பூச்சுக்குப் பெயர் 'லீம்பண்'. கைவினைக் கண்காட்சிகளில் 'லிப்பன் காம்' என்று நாம் காணும் கண்ணாடி பதித்த மண்கோலம், இப்பூச்சின் கடைசிக் கட்டம் மட்டுமே. பூசுதலைக் குறிக்கும் வடமொழி 'லிப்' என்னும் வேரிலிருந்து வந்த சொல் இது. எழுத்தைக் குறிக்கும் 'லிபி'யையும் இவ்வேரோடு சேர்த்துச் சொல்வது மரபு. ஆனால் 'லிபி' பழம்பாரசீகத்தின் 'திபி'யிலிருந்து வந்தது என்பதே வரலாற்று மொழியியலார் பலரின் முடிவு. அசோகரின் ஷாபாஸ்கரி கல்வெட்டில் 'திபி' என்ற வடிவமே உள்ளது. எனினும் பன்னியின் சுவர்களைப் பார்க்கும்போது, பூசுவதும் எழுதுவதும் ஒன்றென்று மக்கள் ஏன் எண்ணினர் என்பது விளங்கும்.

தமிழில் இச்செயலுக்கு நமக்கென்றே ஒரு திராவிடச் சொல் இருக்கிறது: மெழுகுதல். இன்றைய மாணவர்களிடம் 'மெழுகு' என்றால் திரியோடு எரியும் பொருளே நினைவுக்கு வரும். பெயர்ச்சொல் எஞ்சி, வினைச்சொல் மங்கிவிட்டது. கட்ச்சில் நான் கண்டதும் இதுதான். 'பூங்கோ' என்ற பெயரை இன்று உலகக் கட்டடக்கலை இதழ்கள் அறியும். பூங்கோவை ஆண்டுதோறும் மீட்டெடுக்கும் வினைகளை, அவற்றைச் செய்யும் பெண்களுக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர்.

எனக்குச் சொற்கள் தந்தவர்களுள் மூத்தவர் ஒருவரை ஊரார் 'மாசி' என்று அழைப்பர். நம் சித்தி முறை. என்னை அவர் 'தீக்ரி' என்பார். மகள் என்று பொருள். பட்ட ஆய்வு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் எனக்கு அச்சொல் எப்போதும் 'டிகிரி' என்றே செவியில் விழும். சுவரில் மண்ணை அறைந்து ஒட்டவைப்பதற்கு அவரிடம் ஒரு வினை. உள்ளங்கையால் விரித்துப் பரப்புவதற்கு வேறொரு வினை. விரல்நுனியால் மண்ணைத் திரித்து வரம்பெழுப்புவதற்கு ஒன்று. ஈரம் முழுதும் வற்றுமுன் நனைந்த துணியால் துடைத்து மெருகேற்றுவதற்கு இன்னொன்று. கட்டட வரைபடங்களில் இவையனைத்துக்கும் சேர்த்து 'மண்பூச்சு' என்றொரு குறிப்புதான் இருக்கும்.

மண்ணும் சாணமும் கலந்து மிதித்த கலவை எப்போது ஆயத்தமாகிறது என்று ஒருமுறை கேட்டேன். விடை சொல்லாமல் ஓர் உருண்டையை என் கையில் வைத்து அழுத்தி, "இன்னும் இல்லை" என்றார். நெடுநேரம் கழித்து மற்றோர் உருண்டையை வைத்து, "இப்போது" என்றார். இரண்டுக்கும் என் கை வேறுபாடு அறியவில்லை. அந்த 'இன்னும் இல்லை'க்கும் 'இப்போது'க்கும் இடையே உள்ளதைத்தான் தமிழில் பக்குவம் என்கிறோம்.

இச்சொல்லை இங்கே கொணர்வதற்குக் காரணம் உண்டு. சமைந்தது, கனிந்தது என்று பொருள்படும் 'பக்வ' என்னும் வடசொல் தமிழில் 'பக்குவம்' ஆயிற்று. அதே சொல் பிராகிருதத்தின் வழியே இந்தியில் 'பக்கா' ஆயிற்று. அதன் எதிர்ச்சொல் 'கச்சா'. கச்சா எண்ணெய் என்று நாம் நாள்தோறும் படிப்பது அதைத்தான். நாட்டின் வீடுகள் அனைத்தையும் அரசு இவ்விரு சொற்களால்தான் பிரிக்கிறது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களின் இல்லாமையை அளக்க வைத்த ஏழு அளவுகோல்களுள் முதலாவது, கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட ஓரறை வீடு. பூங்கோ அந்த விவரிப்புக்குள் அப்படியே பொருந்திவிடுகிறது. இந்தியாவின் மிகப் பக்குவமான கைகளால் கட்டப்பட்ட வீட்டுக்கு, அரசுப் பதிவேட்டில் பக்குவமற்றது என்று பெயர்.

2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் இக்கணக்கெடுப்பின் தரவையே அடிப்படையாகக் கொண்டது. அத்திட்டம் சமவெளிப் பகுதிகளுக்கு வகுத்த உதவித்தொகை வீடொன்றுக்கு 1.20 லட்சம் ரூபாய். வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். 'பக்கா' என்பதற்கு அத்திட்டம் தரும் வரையறை கவனத்துக்குரியது: பயன்பாட்டுத் தேய்மானத்தையும் தட்பவெப்பம் உள்ளிட்ட இயற்கை விசைகளையும், நியாயமான பராமரிப்புடன், குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கும் வீடு. சிமெண்டு என்றோ செங்கல் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. 6 மீட்டர் விட்டமுள்ள பூங்கோவின் தளம் 28 சதுர மீட்டர். அதற்கு 'நியாயமான பராமரிப்பு' என்பது ஆண்டுக்கொரு மெழுகல். வரையறையை எழுத்தெண்ணிப் படித்தால் பூங்கோ பக்காவாகவே தேறக்கூடும். ஊரக வளர்ச்சி அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடும் டெல்லி ஐ.ஐ.டி.யோடும் இணைந்து வெளியிட்ட 'பஹல்' என்னும் தொகுப்பும், வட்டாரப் பொருள்களாலான வீட்டு வடிவங்களையே எடுத்துக்காட்டுகிறது. தடை சட்டத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 'பக்கா' என்று கேட்டவுடன் கண்முன் எழும் உருவம், நாற்சதுரக் காங்கிரீட் பெட்டி.

இவ்வளவு எழுதியபின் மண்வீட்டைப் போற்றி முடித்துவிடுவது எளிது. என்னால் அது இயலாது. என் அம்மா ராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மண்தரை வீட்டில் வளர்ந்தவர். வெள்ளிதோறும் சாணம் கரைத்து வீடு முழுவதும் மெழுகுவது வீட்டின் மூத்த பெண்ணாகிய அவர் பொறுப்பு. சிமெண்டுத் தரை வந்த நாளை அவர் திருவிழாவை நினைவுகூர்வதுபோல் நினைவுகூர்வார். அன்றிலிருந்துதான் வெள்ளிக்கிழமை காலைகளில் பாடப்புத்தகத்தோடு உட்கார முடிந்தது என்பார். மண்தரையின் குளிர்ச்சியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால், "மெழுகுகிறவளுக்கு அது குளிர்ச்சி இல்லையடி" என்று ஒரே வரியில் நிறுத்திவிடுவார். மரபுக் கட்டடக்கலை குறித்து நான் படித்த நூல்கள் எவற்றிலும் அந்த வரி இல்லை.

மாசியின் வீட்டிலும் இதே வழக்குதான் வேறு வடிவில் நடக்கிறது. அவருடைய மருமகள் கூலிக்குத் தையற்பூவேலை செய்பவர். மெழுகும் வாரங்களில் ஊசி பிடிக்க முடியாது. மண் காய்ந்து வெடித்த விரல், பட்டு நூலை இழுத்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் அவ்வாரங்களின் கூலி அவருக்கு இல்லை. அவருக்குச் சிமெண்டுச் சுவர் வேண்டும். மாசி அதை மறுக்கவில்லை. அரசு உதவியில் கட்டிய நாற்சதுர வீடு பூங்கோவின் அருகிலேயே நிற்கிறது. பெட்டி, மின்விசிறி, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். ஆனால் மே மாதப் பிற்பகலில் குழந்தையைத் தூங்கவைக்க மருமகள் வருவது பூங்கோவுக்கு. அந்த உறக்கத்தின் குளுமை கூலியில்லாத சில வாரங்களின் விளைவு என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவரும் இல்லை.

வடிவமைப்புலகம் இந்த முரணை எவ்வாறு எதிர்கொள்கிறது? பெரும்பாலும் பெயர்ச்சொற்களை எடுத்துக்கொண்டு வினைச்சொற்களை விட்டுவிடுகிறது. லிப்பன் இன்று எம்.டி.எஃப். பலகையில், ஆயத்தக் களிமண்ணாலும் பசையாலும் செய்து, மாட்டும் கொக்கியோடு இணையத்தில் விற்பனையாகிறது. சுவர் சுவாசிக்க உதவிய பூச்சு, குளிரூட்டிய அறையில் தொங்கும் படமாகிவிட்டது. சுற்றுலா விடுதிகளில் காங்கிரீட்டை வட்டமாக வளைத்து மண்ணிறம் பூசினால் அதற்கும் பூங்கோ என்றே பெயர்.

நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. ஜெய்சல்மேர் அருகே கனோய் என்னும் ஊரில் டயானா கெல்லாக் வடிவமைத்த ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி 2021இல் திறக்கப்பட்டது. முட்டைவடிவ முற்றம், அவ்வூர் மஞ்சள் மணற்கல், காற்றை விட்டு வெயிலை வடிக்கும் ஜாலிச் சுவர், கூரைமேல் சூரியத்தகடுகளின் நிழல். குளிர்சாதனம் இன்றி இயங்கும் அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் உள்ளூர்க் கல்வினைஞர்கள். அது வீடன்று, பள்ளி. ஆயினும் பாலைவீடு கட்ட விழைவோர் அங்கே கற்க நிறைய இருக்கிறது.

ஆனால் கல்லுக்கும் மண்ணுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழிலக்கணம் அதைச் சொல்லச் சரியான சொற்களை வைத்திருக்கிறது. கல்ஜாலி, செதுக்கியவுடன் வினைமுற்று. மண்சுவர், ஒருபோதும் முற்றாத வினையெச்சம். ஜெய்சல்மேரின் கல்வினைஞருக்குக் கூலி ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். பன்னியின் பெண்ணுக்குக் கணக்கு முடிவதே இல்லை, தொடங்கியதும் இல்லை. அவர் உழைப்பு வீட்டுவேலை என்ற பெயரில் கணக்குக்கு வெளியிலேயே நிற்கிறது.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பாலைநில வீட்டுக்கான புதிய வடிவமைப்பு ஒன்றைக் காட்டினர். ஒளிப்படங்கள் அழகாக இருந்தன. விளக்கக் குறிப்புகள் அனைத்தும் செயப்பாட்டுவினையில் இருந்தன: சுவர்கள் மெழுகப்படும், மண் புதுப்பிக்கப்படும், கூரை மாற்றப்படும். எவரால் என்று கேட்டேன். "சமுதாயத்தால்" என்பது விடை. சமுதாயம் சாணம் மிதிப்பதை நான் பார்த்ததில்லை. மாசியைப் பார்த்திருக்கிறேன், அவருடைய மருமகளைப் பார்த்திருக்கிறேன்.

வழி இல்லையென்று சொல்ல வரவில்லை. 2001 நடுக்கத்துக்குப் பிறகு புஜ்ஜில் உருவான ஹுன்னர்சாலா அறக்கட்டளை, மண் கட்டுமானத்தை உள்ளூர்க் கைவினைஞரோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது. அவர்களுக்கான 'காரீகர்சாலா' என்னும் பயிற்சிப்பள்ளியையும் நடத்தியது. சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திய மண்கற்கள், சுவரைச் சுற்றி ஓடும் வலுவூட்டிய பட்டைகள் ஆகியவற்றால் பூங்கோவின் வட்டத்தைக் காத்துக்கொண்டே அதன் பராமரிப்பைக் குறைக்கலாம் என்பது நடுக்கத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானம் தந்த பாடம். அதற்கும் ஒரு விலை உண்டு. மாசியின் சுவரிலிருந்து உதிரும் மண் அடுத்த ஆண்டுக் கலவையில் கரைந்து மறுபடி சுவராகும். சிமெண்டு சேர்ந்த மண் அவ்வாறு கரையாது. எவ்வளவு மண்தன்மையை விட்டுக்கொடுத்து எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துவது என்பது உண்மையான வடிவமைப்புக் கேள்வி. அதைத் தீர்மானிக்கும் மேசையில் மெழுகுகிறவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்னொரு வழியும் உண்டு: உழைப்பைக் குறைப்பதற்குப் பதிலாக அதற்குக் கூலி தருவது. மேற்சொன்ன ஊரக வீட்டுவசதித் திட்டம், உதவித்தொகைக்கு மேலாக, வேலை உறுதித் திட்டத்தின் வழியே சமவெளிப் பகுதிகளில் 90 மனித நாட்களுக்கான கூலிக்கும் இடமளித்தது. வீட்டைக் கட்டும் உழைப்பு கூலிக்குரியது என்பதை அரசு ஏற்ற இடம் அது. கட்டுதலுக்கு 90 நாட்கள் இருந்தன. பேணுதலுக்கு ஒரு நாளும் இல்லை. ஆண்டுக்குச் சில நாட்கள் மெழுகலுக்கென ஒதுக்கப்பட்டால், பூவேலை செய்யும் மருமகளின் கணக்கு மாறும். அப்போது அவர் சிமெண்டைத் தேர்ந்தாலும் மண்ணைத் தேர்ந்தாலும், அத்தேர்வு அவருடையதாக இருக்கும்.

கட்டடக்கலை, வடிவமைப்பு, சூழலியல் பயிலும் நண்பர்களுக்கு மொழியியல் மாணவியாக ஒன்று சொல்ல விழைகிறேன். வீட்டின் தரைப்படத்தோடு அதன் ஆண்டுப்படத்தையும் வரையுங்கள்: எந்த மாதத்தில் எந்தச் சுவருக்கு எத்தனை நாள் வேலை, அதைச் செய்பவர் யார், அந்நாட்களில் அவர் இழப்பது என்ன? வெப்பநிலை அளவுகளுக்கு அருகில் அவ்வுழைப்பின் கூலியையும் ஒரு நிரலாகச் சேருங்கள். களத்தில் பொருள்களின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல் செயல்களின் பெயரையும் கேளுங்கள். கருவிகளின் பட்டியல் அருங்காட்சியகத்துக்குப் போதும், வீட்டுக்கு வினைகளின் பட்டியல் வேண்டும். எழுதி முடித்தபின் செயப்பாட்டுவினைகளை ஒவ்வொன்றாகச் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். எழுவாயில் எவரை வைப்பதென்று தெரியாமல் பேனா நிற்கும் இடங்களில், உங்கள் ஆய்வு இன்னும் செய்ய வேண்டிய களப்பணி இருக்கிறது.

கலைச்சொற் குழுக்களில் இருப்போரிடம் ஒரு சிறு விண்ணப்பம். 'நீடித்த' என்பதை நீக்கச் சொல்லவில்லை. அது வழக்கில் வேரூன்றிவிட்டது. வீட்டைப் பற்றி எழுதும் இடங்களிலாவது 'பேண்தகு' என்று எழுதலாம். படிப்பவர் யாரேனும் ஒருவர் நின்று, பேணுபவர் யார் என்று கேட்க அச்சொல் இடம் வைத்திருக்கிறது.